செங்கல்தேரிக் காட்டில் ஒரு காலை

எனக்குச் சொந்த ஊர் களக்காடு. சிங்கப்பூர் போய்ப் பதினாறு வருஷமாகிறது. வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தே வளர்ந்த மலைக்குள் இந்த மே மாதம்தான் நடந்தேன்.

இணையத்தில் பிடித்த ஒரு பயண ஏற்பாட்டாளர், "புலி கண்டிப்பா காட்டுவோம் சார்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டார். கிளம்ப வேண்டிய நாளில்தான் அனுமதியே வாங்கவில்லை என்று தெரிந்தது. பணம் இன்னும் திரும்பவில்லை. அப்புறம் நானே நேரில் போய் வனத்துறையில் எழுதிக் கொடுத்தேன். அனுமதியும் கிடைத்தது, கூட வர ஒரு தம்பியும் கிடைத்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் பாட்டில் அங்கேயே நின்றது. எவர்சில்வர் பாட்டிலும் அம்மா வாழையிலையில் கட்டிக் கொடுத்த இட்லியும் உள்ளே வந்தன. இந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

செங்கல்தேரி வரை ஜீப், அதன்பின் நடை. கீழே கத்திரி வெயில். இங்கே முந்தின நாள் மழையில் இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகியும் நாலு அட்டை ஏறிவிட்டது.

1988-ல் அமைந்த இந்தக் களக்காடு முண்டந்துறை காப்பகம்தான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆனாலும் புலியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அடர்ந்த காட்டில் இருபதடிக்கு மேல் கண் போகாது. தம்பி பார்த்தது தரையை. வெடிப்பலா என்ற காட்டு மரத்துக் காயின் தோல்கள் முள்முள்ளாகப் பிய்த்துப் போட்டுக் கிடந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"இப்பத்தான் தின்னுருக்கு. பேசாம நில்லுங்க அண்ணாச்சி."

கால் மணி நேரம் நின்றோம். மேலே கிளை அசைந்தது. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். சோலைமந்தி! மேற்குத்தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு. தாய் ஒன்று காயைப் பல்லால் கிழித்து விதையை எடுக்க, வயிற்றில் தொங்கிய குட்டி அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சிங்கப்பூரில் மகளுக்குக் காட்டலாம் என்று ஒரு தோலைப் பையில் போட்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி, உள்ள ஒரு விதை மிச்சமிருக்கு" என்றார்.

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.