மே மாதத்துக்கு அரியமான்: அத்தையும் தைரியமாக இறங்கிய கடல்

பள்ளிக்கூடம் லீவு விட்டால் எங்கள் வீட்டில் மலையா கடலா என்ற பேச்சே கிடையாது. கடல்தான். எந்தக் கடல் என்பதில்தான் வருடா வருடம் பேச்சு நீளும். இந்த முறை போனது அரியமான். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே, உச்சிப்புளிப் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும். குஷி பீச் என்றும் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்து கிளம்பும் குடும்பத்துக்கு, அதுவும் கோடையில், நான் பார்த்த கரைகளில் இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

கடற்கரையைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. படத்தில் எல்லாக் கடலும் நீலம்தான், எல்லா மணலும் வெள்ளைதான். எங்கள் வண்டியில் ஏறுகிறவர்கள் நீச்சல் தெரிந்த பெரிய மகள், தண்ணீரைக் கண்டால் நிற்காமல் ஓடும் சின்னவன், முழங்கால் வலியோடு வரும் என் மாமியார். இந்த மூன்று பேரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இருக்க முடிய வேண்டும். அத்தை கரையில் செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருந்தால் அது அவருக்கு லீவு ஆகாது. அதனால் நான் முதலில் பார்ப்பது, அந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதை.

ராமேசுவரம் பக்கம் போனவர்களுக்கு ஆண் கடல், பெண் கடல் என்ற பேச்சு தெரிந்திருக்கும். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல், வடக்கே பாக் விரிகுடா பெண் கடல். தெற்கே அலை அடித்துக்கொண்டே இருக்கும், வடக்கே குளம்போலக் கிடக்கும். மே மாதத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அப்போது வீசுவது தென்மேற்குக் காற்று, அங்கே கச்சான் என்பார்கள். தெற்குப் பக்கம் அந்தக் காற்று திறந்த கடலில் வெகுதூரம் ஓடி வந்து கரையில் மோதுகிறது. ஓடி வரும் தூரம் கூடக் கூட அலையும் உயரும். வடக்குப் பக்கமோ அதே காற்று நிலத்தின் மேலேறி, பனங்காட்டையும் சவுக்குத் தோப்பையும் தாண்டித்தான் தண்ணீருக்கு வருகிறது. கரையோரத்தில் அலை எழும்ப அதற்கு இடமே இல்லை. விரிகுடாவும் ஆழம் குறைந்தது. அரியமான் இந்த வடக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

மற்ற இடங்களையும் சும்மா ஒதுக்கவில்லை. மாமல்லபுரமும் அதன் வடக்கே நீளும் கரையும் பார்க்க அழகு. ஆனால் அங்கே கரை சரிவு அதிகம். இரண்டு எட்டு வைத்தால் முழங்கால், அடுத்த எட்டில் இடுப்பு, திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். பிள்ளையின் கையை விடவே முடியாது. புதுச்சேரியின் பாறைக் கடற்கரையில் மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் நடப்பதற்கு அருமை, ஆனால் கருங்கல் கொட்டிய கரை, குளிக்க வழியில்லை. தரங்கம்பாடி எனக்கு மிகவும் பிடித்த ஊர். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அலை அரித்த மாசிலாமணிநாதர் கோயில், ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கிய கரை என்று ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். ஆனால் அதைப் பார்க்கத்தான் போக வேண்டும், மே மாதம் பிள்ளைகளோடு குளிக்க அல்ல.

கன்னியாகுமரிப் பக்கம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் கள்ளக்கடல் வரும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ கிளம்பிய புயலின் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, கடல் மட்டும் திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அப்படித்தான் கடல் இழுத்துக்கொண்டு போனது. எச்சரிக்கை அமலில் இருந்த நேரம் அது. கோடையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் எச்சரிக்கையைக் கிளம்பும் முன்பும் தண்ணீரில் கால் வைக்கும் முன்பும் பார்த்தே ஆக வேண்டும். வர்க்கலை, கோவளம் எல்லாம் டிசம்பர், ஜனவரிக்கு அருமையான இடங்கள். ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் பருவமழை தொடங்கிவிடும். மே கடைசியிலேயே கடல் குணம் மாற ஆரம்பித்துவிடும்.

சரி, அரியமானுக்கு வருகிறேன். காலை ஆறு மணிக்கெல்லாம் கரையில் இருந்தோம். தண்ணீர் விளிம்பில் அலை என்று சொல்ல முடியாது, ஒரு சலசலப்பு, அவ்வளவுதான். சின்னவன் இறங்கி நடந்தான், நடந்தான், இன்னும் தொடை அளவுதான். அடியில் மணல் வரி வரியாகத் தெரிந்தது, காலுக்கு நடுவே விரல் நீளக் குஞ்சு மீன்கள். அத்தை சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு மகளின் தோளைப் பிடித்தபடி இறங்கினார். கணுக்கால், முழங்கால், பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடுப்பளவு வெதுவெதுப்பான தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "ஏம்மா, இன்னும் கொஞ்ச நேரம் இருப்போமே" என்று அவர் கேட்டதே எனக்குப் போதும். வேறு எந்தக் கடற்கரையிலும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

கரையோரம் கறுப்பு நாடாக்களாகக் காய்ந்து குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு அழுக்குக் கடற்கரை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அது கடற்புல். பாக் விரிகுடாவின் அடியில் புல்வெளிகள் இருக்கின்றன, அதைத் தின்றுதான் ஆவுளியா என்ற கடற்பசு வாழ்கிறது. அதற்காகவே இதே விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அமைந்த முதல் காப்பகம் அது. என் மகள் ஒரு புல்லை எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். புல்லோடு கலந்து கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலும் சிப்ஸ் கவரும்தான் அழுக்கு, அவை நம்மைப் போல வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனவை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஆழமில்லை, அலையில்லை என்பதற்காக அசந்துவிடவும் கூடாது. மேலே சொன்ன அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிறது. காற்றடைத்த டியூப், மிதவை மெத்தை, பந்து எதுவானாலும் கரைக்குத் திரும்பி வராது, போய்க்கொண்டே இருக்கும். டியூபில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு போனைப் பார்த்தால் நிமிரும்போது அது எங்கோ இருக்கும். நாங்கள் டியூப் கொண்டுபோகவே இல்லை. அப்புறம், மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும், அதனால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். அந்த அதிர்வு தெரிந்து அது விலகிவிடும். இறங்குவதற்கு முன் விளிம்போரம் சொறி மீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கிக் கிடக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிடுங்கள். கிடந்தால் அன்றைக்குக் கரையோடு சரி.

நிழல் விஷயத்தில் முழு மார்க். சவுக்குத் தோப்பு மணலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. குடை வாடகை, கூடார வாடகை என்று ஒன்றுமில்லை, ஜமுக்காளத்தை விரித்தால் போதும். சவுக்கு இலை உதிர்ந்து மெத்தென்று இருக்கிறது, ஆனால் அதன் சின்னக் காய்கள் வெறுங்காலில் குத்தும். அத்தை போன்றவர்களுக்குச் செருப்பு கட்டாயம்.

இனி குறைகள். உடை மாற்றுவதற்கும் கழிப்பறைக்கும் அங்கே இருக்கும் வசதி போதாது. பெண்களை அழைத்துக்கொண்டு போகும் இடத்தில் இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பெரிய சேலை ஒன்றை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித்தான் சமாளித்தோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல தண்ணீர் அரிது, நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. உடம்பைக் கழுவ ஒரு கேன், குடிக்க ஒரு கேன் என்று தனித்தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். உயிர்காக்கும் ஆட்கள் கரையில் நிற்பார்கள் என்று நம்பி இறங்க வேண்டாம், நம் பிள்ளைக்கு நாம்தான் காவல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் தாங்காது. வார நாளில் காலை நேரம்தான் இந்தக் கரையின் அருமை தெரியும் நேரம்.

படகுச் சவாரி பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பயணத்தில் வேறொரு கரையில் ஒரு படகுக்காரர் மகளுக்குக் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டில் கொக்கி உடைந்து, அதற்குப் பதில் நைலான் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது. "ஒண்ணும் ஆகாதுக்கா, பத்து நிமிஷம்தானே" என்றார். வேறு ஜாக்கெட் கேட்டோம், இல்லை என்றதும் இறங்கிவிட்டோம். பிள்ளை அழுதாள், அழட்டும். ஜாக்கெட்டின் கொக்கி எல்லாம் டிக்கென்று விழுகிறதா, கழுத்துப் பக்கம் பிடித்துத் தூக்கினால் தலைக்கு மேல் உருவிக்கொண்டு வருகிறதா என்று பார்க்காமல் யாரும் ஏறாதீர்கள்.

சாப்பாட்டில், கடற்கரைக்குப் போனால் மீன் அள்ளலாம் என்று மே மாதத்தில் கிளம்ப வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு கொண்டுவரும் கொஞ்ச மீனும் நண்டும் கணவாயும்தான் கிடைக்கும். விலை கூடத்தான், ஆனால் அன்றைக்குக் காலையில் பிடித்தது. மீன் வறுவல் கேட்கும் முன் எப்போது வந்த மீன் என்று கேளுங்கள். தடைக்காலத்தில் பெரிய வஞ்சிரத் துண்டு தட்டில் வந்தால் அது ஐஸ் பெட்டியில் எத்தனை நாள் கிடந்ததோ. மே மாதத்தின் உண்மையான விருந்து ரோட்டோரத்தில் இருக்கிறது. பனங்காட்டு ஊர் அது. கண்ணெதிரே சீவித் தரும் நுங்கைக் கட்டை விரலால் நோண்டிச் சாப்பிட்டு, சின்னவன் சட்டை முழுக்க நனைந்து போனான்.

தங்குவதற்கு ராமேசுவரத்தில்தான் விடுதிகள் அதிகம். நாங்கள் அங்கே தங்கிக்கொண்டு விடியும் முன் கிளம்பி வந்தோம். பாம்பன் பாலத்தில் விடியற்காலை வெளிச்சத்தில் கீழே பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. கப்பல் போகும்போது புதிய பாலத்தின் நடுத் துண்டு அப்படியே மேலே ஏறும் என்று சொன்னதிலிருந்து சின்னவன் கண்ணை எடுக்கவில்லை. உச்சிப்புளியில் நிற்கும் ரயிலில் வருகிறவர்கள் அங்கேயே இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். காலை பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை கரையில் நிற்கவே கூடாது, அந்த நேரத்தைக் கலாம் நினைவிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடிக்கும் ஒரு பிற்பகல் போனோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் சுவர்கள், அரிச்சல்முனை வரை போகும் தார் ரோடு, இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அமைதி என்பதை நின்ற இடத்திலிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் அங்கே நீரோட்டம் மோசம், குளிக்க நினைக்கவே கூடாது. மாலையானால் உள்ளே விட மாட்டார்கள், அதனால் சீக்கிரமே போய்விடுங்கள். காற்று தூக்கும் மணல் முகத்தில் ஊசியாகக் குத்தும், அத்தை வண்டியை விட்டு இறங்கவில்லை.

அலையில் விழுந்து புரள ஆசைப்படும் இளவட்டங்களுக்கு அரியமான் சப்பென்று இருக்கும், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. குழந்தை, கர்ப்பிணி, முழங்கால் வலிக்காரர், தண்ணீருக்குப் பயந்தவர் யாராவது உங்கள் வண்டியில் இருந்தால் யோசிக்காமல் போங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் இந்தப் பரிந்துரை. அக்டோபர் பிற்பாதியில் வாடைக் காற்று திரும்பிவிட்டால் பெண் கடல் கொந்தளிக்கும், ஆண் கடல் அடங்கும். அரையாண்டு லீவுக்குப் போகிறவர்கள் இதே ரோட்டில் வந்து எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும்.