கோடு என்ற சொல்லைத் தேடி: தமிழ் லெக்சிகன் இணையப் பதிப்பு

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ஸ்கேலை வைத்து நேர்கோடு ஒன்றைப் போட்டுவிட்டு, "கோடு என்ற சொல் எங்கிருந்து வந்தது, அப்பா?" என்று கேட்டாள். வீட்டில் இருந்த கையடக்க அகராதி 'வரி, கீற்று' என்று சொல்லி நின்றுவிட்டதால், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் திறந்தோம்.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த இந்த அகராதி, 'கோடு' என்ற பெயர்ச்சொல்லுக்கு வளைவு என்ற பொருளைத் தருகிறது. வளைதல் என்று பொருள்படும் வினையே அதற்கு வேர். யானைத் தந்தம், விலங்கின் கொம்பு, மரக்கிளை, மலைச்சிகரம், நீர்க்கரை, சங்கு என்று நீளும் பொருள்களோடு, கணக்குப் பாடம் எடுத்துக்கொண்ட 'வரி' என்ற பொருளும் வருகிறது. வளைந்த கரையின் விளிம்பே வரியாகத் தோன்றியிருக்கலாம் என்பது என் ஊகம். அகராதி அதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரே பதிவில் இத்தனை பொருள்களையும் அடுத்தடுத்துக் காணும்போதுதான், திருச்செங்கோட்டின் 'கோடு' மலையைக் குறிப்பதும், நடுநிலை பிறழாமையைக் குறள் 'கோடாமை' என்பதும் ஒரு சொல்லின் கிளைகளாகக் கண்ணில் படுகின்றன. "கணைகொடிது யாழ்கோடு செவ்விது" என்ற குறளை அன்றுதான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்: அம்பு நேராக இருந்தும் கொடியது, யாழின் தண்டு வளைந்திருந்தும் இனியது.

ஒவ்வொரு பொருளும் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் தரப்பட்டு, பல இடங்களில் இலக்கிய மேற்கோளும் சேர்க்கப்பட்டிருப்பது இதன் பெரும் பலம். மேற்கோள் நூல்களின் பெயர்கள் சுருக்கக் குறிகளாகவே இருப்பதால், மாணவர்களுக்குப் பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது நல்லது. 1930களுக்குப் பின் பாடநூல்களுக்காக ஆக்கப்பட்ட கலைச்சொற்களை இதில் எதிர்பார்க்க முடியாது; அவற்றுக்கு வேறு அகராதிதான் வேண்டும்.

சொற்பிறப்பில் ஆர்வம் உள்ளவர்கள், அதே தளத்தில் உள்ள பரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் உடன் திறந்து வைத்துக்கொள்ளலாம். அங்கே கோடு, கோணு, கோணல் ஆகியவை ஒரே குடும்பமாக நிற்பதைக் கண்ட என் மகள், தான் போட்ட கோட்டுக்கு அடியில் 'நேரான வளைவு' என்று பென்சிலால் எழுதி வைத்தாள்.