வீட்டில் கட்டும் ஏவிஆர் புரோகிராமர்: பேரலல் போர்ட்டா, ஆர்டுயினோவா, யூஎஸ்பிஆஸ்பா?

ஏவிஆர் வகை மைக்ரோகண்ட்ரோலர் சிப்களில் நிரல் ஏற்றும் கருவியான புரோகிராமரைக் குறைந்த செலவில் தாமே கட்ட நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு: பேரலல் போர்ட் கேபிள், ஆர்டுயினோ பலகை, யூஎஸ்பியில் செருகும் யூஎஸ்பிஆஸ்ப் பலகை. நான் தேர்ந்தெடுத்தது தாமஸ் ஃபிஷல் வடிவமைத்த யூஎஸ்பிஆஸ்ப்.

பழைய கணினிகளில் பிரிண்டரை இணைக்கப் பயன்பட்ட பேரலல் போர்ட்டில் செருகும் கேபிளுக்குச் சில ரெசிஸ்டர்களே போதும் என்றாலும், அந்த போர்ட் இன்றைய மடிக்கணினிகளில் இல்லை. யூஎஸ்பி மாற்றிகளோ பிரிண்டருக்கென்றே செய்யப்பட்டவை என்பதால் இதற்கு உதவுவதில்லை.

ஆர்டுயினோ ஊனோ கைவசம் இருந்தால் கூடுதல் செலவே இல்லை. அதைப் புரோகிராமராக மாற்றும் ஆர்டுயினோஐஎஸ்பி நிரலை ஏற்றிவிட்டு, ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரைப் பொருத்தினால் வேலை தொடங்கிவிடும். எப்போதாவது ஒரு சிப்பை எழுதுபவருக்கு இதுவே போதும்.

அடிக்கடி எழுதுபவருக்கோ பராமரிப்புதான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஜம்பர் ஒயர்களில் ஒன்று தளர்ந்தாலும் சிப்பின் அடையாள எண் வெறும் பூஜ்ஜியங்களாக வந்து நிற்கும். பழுது ஒயரிலா, சிப்பிலா, ஃபியூஸ் எனப்படும் சிப்பின் உள் அமைப்புகளிலா என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும். யூஎஸ்பிஆஸ்ப் பலகையில் இணைப்புகள் பற்றவைக்கப்பட்டு, ஒரே ரிப்பன் கேபிளாக வெளியே வருவதால் இந்தச் சந்தேகம் பெரிதும் நீங்குகிறது. அந்தப் பலகையை இயக்கும் அட்மெகா8 சிப்பைச் சாக்கெட்டில் வைத்துவிட்டால், அது எரிந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். அந்த அட்மெகா8 சிப்பில் முதன்முறை ஃபர்ம்வேரை (அதன் இயக்க நிரலை) ஏற்ற வேறொரு புரோகிராமர் தேவைப்படும் என்பது உண்மையே. அந்த ஒரு வேலைக்கு ஆர்டுயினோவை இரவல் வாங்கினால் போதும்.

கட்டும்போது கவனம் வேண்டிய இடம், யூஎஸ்பி தரவுக் கம்பிகளில் வரும் 3.6 வோல்ட் ஸீனர் டையோடுகள். அதிக வாட் கொண்டவற்றின் கப்பாசிட்டன்ஸ் சிக்னலைச் சிதைக்கும் என்பதால் அரை வாட்டுக்கு மிகாதவற்றையே போட வேண்டும். இன்னொன்று: நாம் நிரல் எழுதும் சிப் புதிய அட்மெகா328பி என்றால், அது தொழிற்சாலையிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி வருகிறது, நிரலை எழுதும் கடிகார வேகம் அதன் கால் பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், யூஎஸ்பிஆஸ்பின் இயல்பான 375 கிலோஹெர்ட்ஸோ அதைத் தாண்டுகிறது. ஆகவே வேகம் குறைக்கும் ஜம்பரை மறக்காமல் அமைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் டிரைவரைத் தனியே நிறுவ வேண்டியிருப்பது யூஎஸ்பிஆஸ்பின் குறை. அந்த வகையில் ஆர்டுயினோ எளிது. நான் பெரும்பாலும் 5 வோல்ட் பலகைகளிலேயே இதைப் பயன்படுத்தியிருப்பதால் 3.3 வோல்ட் சுற்றுகளைப் பற்றி அனுபவமாக அதிகம் சொல்ல இயலாது. எனினும் அட்மெகா8 5 வோல்ட்டில் ஓடும் வரை சிப்புக்குச் செல்லும் தரவுக் கம்பிகளிலும் அதே 5 வோல்ட்தான் வரும் என்பதால், 3.3 வோல்ட் பலகைகளுக்கு மின்னழுத்தத்தை மாற்றித்தரும் லெவல் ஷிஃப்டர் இல்லாமல் இதை இணைக்க வேண்டாம்.