தேரி மணலில் ஜிம்னி: லிவர் அப்புறம், முதலில் காற்று

பெங்களூரில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி எதற்கு என்று கேட்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. தேவையே இல்லை. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் இரண்டு சக்கரம் சுற்றினாலே அன்றைக்கு நல்ல நாள். மாருதி சுஸுகி ஜிம்னியை எடுத்தது ஊருக்காக. எங்கள் ஊர் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே, குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போனாலும் சரி, சித்தப்பாவின் பனைவிளைக்குப் போனாலும் சரி, கடைசிக் கொஞ்ச தூரம் மணல்தான். 2023 கடைசியில் எடுத்த மேனுவல் கியர் வண்டி. இத்தனை நாள் ஓட்டியதில் எனக்குச் சொல்ல இருப்பதில் பெரும்பகுதி டயருக்குள் இருக்கும் காற்றைப் பற்றித்தான்.

தேரியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே செக்கச்செவேலென்று பரந்து கிடக்கும் மணல்மேடுகள் இவை. குதிரைமொழித் தேரி மட்டும் சுமார் 12,000 ஏக்கர். மணல்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. ஆற்று மணல்போலப் பருக்கையாக இருக்காது. நைஸான மணல், காய்ந்தால் கையில் அள்ளி நிறுத்த முடியாது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்று, போன வாரம் இருந்த தடத்தை இந்த வாரம் மூடிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அதே தடம் இறுகிப்போய் சாதாரணக் காரே போய்வரும். ஒரே நாளில்கூட வித்தியாசம் உண்டு. விடியற்காலை ஈரம் இருக்கும்போது சுலபமாகக் கடந்த இடம், மதியம் மணல் காய்ந்து சூடேறிய பிறகு வண்டியை இழுக்கும். 'அந்தப் பாதையில் போகலாமா' என்று யாராவது கேட்டால் எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்பேன்.

இந்த மண்ணுக்கு ஜிம்னி ஒத்துப்போவதற்கு முதல் காரணம் எடை. ஏறக்குறைய 1,200 கிலோதான். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 105 பிஎஸ், 134 நியூட்டன் மீட்டர் டார்க் என்று படித்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. ஆனால் இரண்டு டன் வண்டி அமிழ்கிற இடத்தில் இது மேலாகப் போய்விடுகிறது. தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம். இரண்டாவது காரணத்தை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை: 195/80 ஆர்15 டயர். பார்க்க ஒல்லியாக இருக்கும். ஆனால் பக்கச்சுவர் 156 மில்லிமீட்டர் உயரம். காற்றை இறக்கினால் மடங்கிக்கொடுக்க அந்த உயரம் வேண்டும். இப்போது வருகிற பெரிய அலாய் வீல், மெல்லிய பக்கச்சுவர் டயர்களில் இறக்குவதற்கு இடமே இருக்காது.

சரி, காற்றுக்கு வருவோம். கோயில் திருவிழாவுக்கு வந்த பெரிய எஸ்யூவி ஒன்று தேரிக்குள் அச்சுவரை புதைந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஃபோர் லோவை, அதாவது நான்கு சக்கரமும் தாழ்ந்த கியரில் இழுக்கும் நிலையைப் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார். நான்கு சக்கரமும் சுற்றி நான்கு குழி தோண்டின. சித்தப்பா பக்கத்தில் போய், "தம்பி, எஞ்சினக் கெடந்து முக்க விடாதிய. மொதல்ல காத்த எறக்குங்க" என்றார். இறக்கி, சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் மணலை வாரிவிட்டதும் வண்டி ரிவர்ஸில் தானாக வந்துவிட்டது. அதே பாதையில் நுங்கு ஏற்றிக்கொண்டு குட்டியானைகள் தினம் போய்வருகின்றன. அவற்றுக்கு நான்கு சக்கர இயக்கம் கிடையாது. ஓட்டுகிறவர்களுக்கு எங்கே வேகம் பிடிக்க வேண்டும், எங்கே டயரில் காற்று குறைவாக இருக்க வேண்டும் என்று தெரியும், அவ்வளவுதான்.

காற்று குறைந்தால் டயர் அகலமாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். நீளவாக்கில்தான் நன்றாகப் படியும், டிராக்டர் செயின் படுவதுபோல. எடை நீண்ட இடத்தில் பரவுவதால் மணலைக் கிழிக்காமல் மேலே ஏறிப் போகிறது. நான் மணலுக்குள் இறங்கும் முன் டயரின் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐக்குக் கொண்டுவருவேன். காய்ந்த, ஆழமான மணல் என்றால் 15. அதற்கும் கீழே 12 வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அளவில் வண்டியைச் சட்டென்று ஒடித்தால் டயரின் விளிம்பு ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். காட்டுக்குள் அதை மறுபடி ஏற்றி உட்கார வைப்பது சாதாரண வேலை இல்லை. ஆகவே 15தான் எனக்கு எல்லை. குறைந்த காற்றில் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதும் இல்லை.

ஒரு விஷயம். பெங்களூரிலிருந்து சேலம், மதுரை வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்த டயர் சூடாக இருக்கும். அப்போது காற்றழுத்தம் அளக்கும் கேஜ் காட்டுவது வழக்கமான அளவைவிட மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதல். அந்தச் சூட்டிலேயே 15 வரை இறக்கினால், ஆறிய பிறகு 12 பக்கம் நிற்கும். டீ குடித்துவிட்டு, டயர் ஆறட்டும் என்று விட்டு இறக்குவது நல்லது.

லிவர் விஷயம் சுருக்கமாக. ஜிம்னியில் மூன்று நிலை: டூ ஹையில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும், ஃபோர் ஹையில் நான்கும் இழுக்கும், ஃபோர் லோவில் நான்கும் தாழ்ந்த கியரில் இழுக்கும். ஓடும்போதே ஃபோர் ஹைக்கு மாற்றலாம், ஃபோர் லோவுக்கு நிறுத்திவிட்டுத்தான். முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி என்பதால் தார் சாலையில் ஃபோர் ஹையில் ஓட்டக் கூடாது. திருப்பங்களில் ஸ்டியரிங் கனத்து வண்டி முரண்டு பிடிக்கும், உள்ளே கியர்கள் தேயும். மணலில் ஃபோர் ஹை போட்டால், வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்பியைப் பட்டனை அழுத்தி அணைத்துவிடுங்கள். சக்கரம் லேசாக வழுக்கிச் சுற்றியதுமே அது எஞ்சின் சக்தியைக் குறைக்கும், மணலில் அதுதான் நம்மை நிறுத்திவிடும். ஃபோர் லோவில் ஈஎஸ்பி தானாகவே விலகிக்கொள்கிறது. கிளட்ச் வாடை வரத் தொடங்கினால் பிடிவாதம் பிடிக்காமல் ஃபோர் லோவில் இரண்டாம் கியருக்குப் போய்விட வேண்டும். முதல் கியர் மணலுக்கு ரொம்பத் தாழ்வு, சக்கரத்தைத்தான் சுற்றவிடும்.

ஓட்டும் முறையில் நான் கறாராக இருப்பது பிரேக்கில். மணலில் பிரேக் பிடித்து நிறுத்தினால் நான்கு டயருக்கும் முன்னால் சிறு மேடு குவியும். கிளம்பும்போது வண்டி முதலில் ஏற வேண்டியது அந்த மேட்டைத்தான். காலை எடுத்தால் போதும், மணலே நிறுத்திவிடும். நிறுத்தும் இடம் இறக்கமாகவோ பனைமரத்தடியில் வேரும் ஓலையும் கிடக்கும் கெட்டியான இடமாகவோ இருக்கட்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும் முன் சக்கரங்கள் கலப்பைபோல மணலைத் தள்ளும். பழைய தடம் இருந்தால் அதிலேயே போகலாம். மேடு ஏறினால் நேராக, இறங்கினால் நேராக. சரிவில் குறுக்கே போனால், உயரமான ஒல்லி வண்டி கவிழ அதிக நேரம் ஆகாது. தடத்தைவிட்டு மேடுகளில் ஏறி வீடியோ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பெரும்பகுதி வனத்துறைக் காடு. மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடியும் செடியும்தான்.

புதைந்துவிட்டால் ஒரு தடவை முயன்று பாருங்கள், நகரவில்லையா, உடனே காலை எடுங்கள். மண்வெட்டியால் சக்கரத்தின் முன்பின் மணலை வாரி, காற்று 18இல் இருந்தால் இன்னும் இரண்டு பிஎஸ்ஐ இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் இருக்கும் தடம் ஏற்கெனவே அழுந்திய மண். பிளாஸ்டிக் ரெக்கவரி பலகை இரண்டு வைத்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கின்றன. அவை இல்லாவிட்டால் ஊரில் இருப்பது பனை ஓலை. காய்ந்த ஓலையை அடுக்கிப் போட்டால் சக்கரம் பிடித்துக்கொள்ளும். ஓலை மட்டும் போடுங்கள், மட்டையோடு வேண்டாம். மட்டையின் இரு ஓரத்திலும் இருக்கும் கருக்கு டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும்.

கடைசி வழி டிராக்டர். உதவிக்கு வருகிறவர்கள் நல்ல மனதோடு சங்கிலியைக் கொண்டுவந்து பம்பரில் கட்டப் போவார்கள். தடுத்துவிடுங்கள். இழுப்பதற்கென்றே வண்டியில் இருக்கும் டோ ஹூக்கில், அறுந்தால் கத்திபோலப் பறக்காத துணிப் பட்டையைக் கட்டி, மெதுவாக இழுக்கச் சொல்ல வேண்டும். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைப் பட்டையின் நீளத்துக்கு அப்பால் அனுப்புவதுதான் இதில் சிரமமான வேலை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி" என்றால் ஓரடி தள்ளி நிற்பார்கள்.

பெங்களூர் ஜே.சி. ரோடு கடைகளில் இந்த வண்டிக்கு எதை வேண்டுமானாலும் மாட்டித் தருகிறார்கள். ஸ்னார்கல், கூரை விளக்கு, சஸ்பென்ஷன் உயர்த்தும் கிட், முன்னால் இரும்புக் கம்பி. கம்பி பொருத்துவது சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நான் பணம் செலவழித்தது நல்ல கேஜ், காற்று இறக்கும் வால்வு கருவி, 12 வோல்ட் கம்ப்ரஸர், மண்வெட்டி, பட்டை, பலகை. முதலில் வாங்கிய மலிவான கம்ப்ரஸர் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகை. ஃபியூஸ் போனது, பிறகு குழாயும் உருகியது. இப்போது இருப்பது பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் வகை. எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு டயருக்கு ஒருமுறை அதற்கு ஓய்வு கொடுத்தால் பிரச்சினை இல்லை. தார் சாலை ஏறும் முன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும். 'பக்கத்து பங்க் வரைக்கும் இப்படியே போகலாம்' என்று போனால் பக்கச்சுவர் சூடேறி உள்ளே நூல் பிரியும், வெளியே எதுவும் தெரியாது.

இந்த ஊருக்கே உரிய தொல்லை முள். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் மணலுக்குள் மறைந்து கிடக்கும். காற்று இறக்கிய டயரின் பக்கச்சுவர் பிதுங்கி நிற்பதால் முள் அங்கேதான் ஏறுகிறது. நடுப்பகுதியில் பஞ்சர் என்றால் ட்யூப்லெஸ் திரி போட்டு அடைக்கலாம். பக்கச்சுவருக்கு அது செல்லாது. எனக்கு ஒரு டயரே மாற்ற வேண்டி வந்தது. ஸ்டெப்னி மற்ற டயர்களின் அதே அளவு என்பது பெரிய நிம்மதி.

பராமரிப்பில் ஏர் ஃபில்டரை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து திரும்பியதும் கழற்றிப் பார்த்தால் சிவப்புப் பொடி கொட்டும். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் தூசித் தடுப்புத் தகட்டுக்கும் நடுவே மணல் சிக்கிக் கிறீச்சிடும். தண்ணீர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். ஒரு சர்வீஸ் நிலையத்தில் அதற்காகப் பிரேக் பேடையே மாற்றச் சொன்னார்கள், நான் மாற்றவில்லை. கடற்கரை மணலில் இறக்குவதில்லை. உப்பு அடிப்பகுதியைத் தின்னும், தை மாசியில் ஆமைகள் முட்டையிட வரும். பெங்களூரில் இருக்கும் மாதங்களில் ஆனேக்கல் பக்கம் ஏதாவது மண் பாதையில் ஃபோர் ஹையில் சிறிது ஓட்டிவிடுவேன், முன் அச்சின் உள்ளே எண்ணெய் பரவட்டும் என்று.

குறை இல்லாத வண்டி இல்லை. பின்சீட்டை மடிக்காவிட்டால் டிக்கி 208 லிட்டர்தான். கம்ப்ரஸர், பட்டை, பலகை எல்லாம் வைத்த பிறகு உடன்குடி கருப்பட்டிப் பெட்டிக்கு இடம் தேட வேண்டும். லாரிபோல லேடர் ஃபிரேம், முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டி அச்சு), அதனால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் காரைப்போலத் திருப்பத்தை எடுக்க நினைக்கவே கூடாது. நெடுஞ்சாலையில் 90, 100க்கு மேல் எனக்குப் பிடிப்பதில்லை. 40 லிட்டர் டேங்க், நகரத்தில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் பக்கம். கர்நாடகத்தில் 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்கு 17 சதவீத சாலை வரி வேறு. ஊரில் மணல் பாதை இல்லாதவர் இதே பணத்துக்கு வசதியான கார் வாங்கலாம், நானே அப்படித்தான் சொல்லி இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

டயர் மாற்றும் நேரம் நெருங்குகிறது. கடைக்காரர் முரட்டுப் பட்டன் வைத்த மட் டயரைக் காட்டுகிறார். சேற்றுக்கு அது சரி, மணலில் அந்தப் பட்டன்கள் மண்வெட்டி வேலைதான் பார்க்கும். கம்பெனி கொடுத்த அதே அளவில், பக்கச்சுவர் தடித்த, தார் சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ.டி. டயர் போடப் போகிறேன். அதுவும் முள்ளுக்காக.