பிளான் இருக்கும் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள்

நண்பர் ஒருவர் கேட்டார்: "அந்தக் கால இங்கிலீஷ் துப்பறியும் நாவல்களை மறுபதிப்பில் வாங்கி வாங்கி அடுக்குறீங்களே, அதெல்லாம் கிண்டிலில் பாதி விலைக்கே கிடைக்குதே. அப்புறம் எதுக்குப் புத்தகம்?" வாட்ஸப்பில் நாலு வரியில் சொல்ல முயன்றேன், வரவில்லை. பல வருடமாக வாங்கிப் படித்துச் சேர்த்துவரும் விஷயம். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

எந்தப் புத்தகங்கள் என்று அவருக்குத் தெரியும், உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பிரிட்டனில் குவிந்த துப்பறியும் நாவல்கள் இவை. பெரும்பாலானவை அச்சில் இல்லாமல் போய், எழுதியவர் பெயரே மறந்துபோய், இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மறுபடி கடைக்கு வந்தன. பிரிட்டிஷ் லைப்ரரியின் கிரைம் கிளாசிக்ஸ் வரிசைதான் இதில் முன்னோடி மாதிரி. 1937இல் வந்த ஜெஃபர்சன் ஃபார்ஜனின் 'மிஸ்டரி இன் வைட்' 2014இல் அந்த வரிசையில் வந்தது. பனியில் மாட்டிக்கொண்ட ரயிலிலிருந்து இறங்கி நடக்கும் சிலர், கணப்பு எரிந்துகொண்டிருக்கும் ஒரு ஆளில்லாத வீட்டுக்குப் போய்ச் சேருகிற கதை. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றது. ஹார்ப்பர்காலின்ஸ், டீன் ஸ்ட்ரீட் பிரஸ் என்று மற்றவர்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள். அட்டைகளைப் பற்றி எல்லோரும் புகழ்ந்தாயிற்று. பழைய ரயில் கம்பெனிப் போஸ்டர்களை எடுத்துப் போட்ட அந்த அட்டைகள் நிஜமாகவே அழகு. அதை விட்டுவிட்டு உள்ளே போகிறேன்.

என் சந்தோஷம், என் எரிச்சல் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. இந்த நாவல்களில் கதை மட்டும் இல்லை. வீட்டு பிளான் இருக்கும், ஊர் வரைபடம் இருக்கும், ரயில் நேர அட்டவணை இருக்கும், கிழிந்த காகிதத்தின் படம் இருக்கும். எழுத்தாளர் வாசகரிடம் "இதோ, எல்லாவற்றையும் உன் முன்னால் வைத்துவிட்டேன், கண்டுபிடி" என்கிறார். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் இதற்குப் பத்து விதிகள் எழுதினார். துப்பறிபவர் தனக்குக் கிடைத்த துப்பை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அடுத்த ஆண்டு லண்டனில் துப்பறியும் நாவல் எழுதுபவர்கள் சேர்ந்து டிடெக்ஷன் கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கியபோது, உறுப்பினர்கள் வாசகரை ஏமாற்ற மாட்டோம் என்று சத்தியமே செய்தார்கள். எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன்தான் முதல் தலைவர். சடங்கில் வேடிக்கை நிறைய, ஆனால் கொள்கை நிஜம். அந்த நேர்மை காகிதத்தின் மேல் நிற்பது. துப்பு இருக்கும் பக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம் ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸ் 1933இல் எழுதிய 'தி ஹாக்ஸ் பேக் மிஸ்டரி'. கிராஃப்ட்ஸ் டப்ளினில் பிறந்தவர், அயர்லாந்தின் வடக்கில் ரயில்வே என்ஜினியராக இருந்தவர். உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது எழுதத் தொடங்கி, 1920இல் முதல் நாவலை வெளியிட்டார். பிறகு வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்தின் சர்ரே பக்கம் வந்து குடியேறினார். ஹாக்ஸ் பேக் என்பது கில்ட்ஃபோர்டு அருகே நீளமாகக் கிடக்கும் ஒரு மலைமுகடு, அவருடைய வீட்டுப் பக்கம்தான். வீட்டுச் செருப்போடு கணப்பருகே உட்கார்ந்திருந்த ஒரு டாக்டர் காணாமல் போகிறார். இன்ஸ்பெக்டர் ஃப்ரெஞ்ச் வருகிறார், நடக்கிறார், அளக்கிறார், விசாரிக்கிறார், மறுபடி நடக்கிறார். பரபரப்பு தேடுபவர்களுக்குத் தூக்கம் வரும். எனக்கு இந்த நிதானம் பிடிக்கும். ஒரு என்ஜினியர் தண்டவாளத்தைச் சோதிப்பது போல ஃப்ரெஞ்ச் ஒவ்வொரு சாட்சியையும் தட்டிப் பார்க்கிறார்.

கடைசி அத்தியாயத்துக்கு வாருங்கள். ஃப்ரெஞ்ச் தான் எப்படிக் கண்டுபிடித்தார் என்று விளக்குகிறார். ஒவ்வொரு துப்பையும் சொல்லும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு பக்க எண். அந்தத் துப்பு எந்தப் பக்கத்தில் உங்கள் கண்முன் வந்துபோனது என்று ஆசிரியரே ஆதாரம் காட்டுகிறார்! முதல் தடவை படித்தபோது ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் போய்ப் பார்த்தேன். சாதாரணமாகப் படித்துக் கடந்த வாக்கியம், இப்போது பார்த்தால் கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கிறது. இப்படி ஒரு நேர்மையை நான் வேறு எந்த வகை நாவலிலும் பார்த்ததில்லை. இத்தனை வருடச் சேகரிப்பில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் இதுதான்.

மறுபதிப்பின் தரம் சோதனைக்கு வருவதும் இங்கேதான். புதிதாக அச்சுக் கோத்தால் பக்கங்கள் மாறும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்களையும் ஒவ்வொன்றாகப் புதுப் பக்கத்துக்கு மாற்றியாக வேண்டும். யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது. மின்னூலில் பக்கம் என்பதே நீங்கள் வைக்கும் எழுத்தின் அளவைப் பொறுத்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் நகர்ந்துவிடும், எண் அநாதையாகிவிடும். ஒழுங்காக லிங்க் போட்டுத் தந்தால் புத்தகத்தைவிட வசதியாகக்கூட இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அக்கறையை எல்லா மின்னூலிலும் எதிர்பார்க்க முடிவதில்லை.

சரி, எரிச்சலுக்கு வருவோம்.

அந்தக் காலக் கெட்டி அட்டைப் பதிப்புகளில் பிளானுக்கு மரியாதை இருந்தது. அட்டையின் உள்பக்கத்தில் இரண்டு பக்கமும் நிறைய வரைபடம் வரும், அல்லது மடித்து வைத்த தனித்தாளாக வரும். தையல் போட்ட கட்டு, மேஜையில் வைத்தால் விரிந்து கிடக்கும். இன்றைய பேப்பர்பேக் அப்படி இல்லை. தாள்களை அடுக்கி முதுகில் பசை போட்டு ஒட்டுகிறார்கள். அதில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு வீட்டு பிளானைப் போட்டால் என்ன ஆகும்? நட்ட நடுவில் இருப்பது மடிப்புக்குள் போய்விடும். வீட்டின் நட்ட நடுவில் என்ன இருக்கும்? நடைவழியும் மாடிப்படியும். கொலை நடந்த இரவில் யார் எந்தக் கதவு வழியாக எங்கே போனார் என்ற கேள்வி முழுக்க அந்த நடைவழியில்தான் இருக்கிறது! நூலகம் தெரிகிறது, பில்லியர்ட்ஸ் அறை தெரிகிறது, செடி வளர்க்கும் கண்ணாடி அறை கூடத் தெரிகிறது. தெரிய வேண்டிய இடம் மட்டும் பசைக்குள் கிடக்கிறது.

என்னிடம் இருக்கும் ஒரு புத்தகத்தில், பதிப்பகத்தின் பெயர் வேண்டாம், படிக்கட்டின் பக்கத்தில் எழுதியிருக்கும் எழுத்து பி-யா டி-யா என்று பார்க்கப் புத்தகத்தை அழுத்தி விரித்தேன். முதுகு பிளந்தது. முன்பகுதி தாள்கள் தனியாகக் கழன்று வந்தன. பசை ஒட்டித் திரும்ப வைத்தேன், இப்போது மடிப்பு இன்னும் ஆழமாகிவிட்டது. கொலைக்கான வழியைக் கண்டுபிடிக்க முயன்ற வாசகனுக்கு இதுவா தண்டனை?

மடித்த தாள் வைத்தால் செலவு கூடும், புரிகிறது. புத்தகம் பத்து பவுண்டு சொச்சத்துக்கு விற்க வேண்டும். ஆனால் படத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பி ஒரே பக்கத்தில் போடுவதற்கு எந்தச் செலவும் இல்லை. புத்தகத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். சில பதிப்புகள் அப்படிச் செய்கின்றன, அவை கைக்கு வரும்போது மனசு குளிர்ந்துவிடுகிறது. செய்யாதவர்கள் படத்தை ஒரு அலங்காரமாக நினைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் படம் சாட்சியம். ஒரு சாட்சியின் வாக்குமூலத்தில் பாதியை அழித்துவிட்டு அச்சிடுவார்களா?

இதைவிட மோசமானதும் உண்டு. அகதா கிறிஸ்டியின் முதல் நாவலான 'தி மிஸ்டீரியஸ் அஃபையர் அட் ஸ்டைல்ஸ்' 1920இல் வந்தது. கதை சொல்லும் ஹேஸ்டிங்ஸ், வீட்டின் மாடி பிளானை இங்கே இணைக்கிறேன் என்று எழுதி, உடனே பிளானைத் தருவார். கொலை நடந்த அறையின் படமும் தனியாக உண்டு. எரிந்துபோன ஒரு காகிதத் துண்டின் கையெழுத்தும் படமாகவே வரும். அமெரிக்காவில் இந்த நாவலின் காப்புரிமை முடிந்து வெகுநாளாகிவிட்டதால் யார் யாரோ அச்சடிக்கிறார்கள். பயணத்தில் படிக்க மலிவாக ஒன்று வாங்கினேன். "பின்வரும் பிளானை இணைக்கிறேன்" என்ற வாக்கியம் இருக்கிறது, பின்னால் பிளான் இல்லை. நேராக அடுத்த பத்தி. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண அச்செழுத்து. கண்ணால் பார்த்து யோசிக்க வேண்டியதைக் கண்ணிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட பதிப்பை யாருக்கும் பரிசாகக் கூடக் கொடுக்காதீர்கள்.

முடியாத காரியமா என்றால், இல்லை. 1936இல் டென்னிஸ் வீட்லியும் ஜே. ஜி. லிங்க்ஸும் 'மர்டர் ஆஃப் மயாமி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். போலீஸ் கோப்பு மாதிரியே கட்டு, உள்ளே தந்தி, தலைமுடி, தீக்குச்சி, எல்லாம் நிஜப் பொருட்கள், விடை மட்டும் ஒட்டி மூடிய பக்கங்களில். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதை மறுபதிப்பு செய்தவர்கள் அந்தப் பொருட்களோடுதான் செய்தார்கள். 1934இல் குறுக்கெழுத்துப் புதிர் எழுதும் டார்க்குமாடா வெளியிட்ட 'கெய்ன்ஸ் ஜாபோன்' நூறு பக்கமும் வரிசை மாறி அச்சான கொலைக்கதை, வரிசையைக் கண்டுபிடிப்பதே புதிர். 2019இல் அது தனித்தனி அட்டைகளாக ஒரு பெட்டியில் வந்தது. வாசகர் மேஜையில் பரப்பி விளையாடலாம். அசலைவிட மறுபதிப்பு விளையாட்டுக்கு ஏற்றதாக இருந்த அபூர்வம் அது. மனசு வைத்தால் செய்ய முடிகிறது!

கோபத்தில் நல்லதை மறைக்கக்கூடாது. இந்த மறுபதிப்புகள் இல்லாவிட்டால் ஈ. சி. ஆர். லோராக் என்ற பெயரே எனக்குத் தெரிந்திருக்காது. உண்மைப் பெயர் எடித் கேரொலின் ரிவெட். இரண்டு புனைபெயர்களில் எழுபது நாவல் அளவுக்கு எழுதிவிட்டு 1958இல் இறந்தார். பிறகு அநேகமாக எல்லாமே மறைந்துபோயின. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்கெல்லாம் அணைத்து வைத்திருந்த லண்டனில் ஒரு தீக்குச்சி வெளிச்சத்தில் ஒரு முகம் தெரிந்து மறைவதை வைத்து 1945இல் எழுதிய 'மர்டர் பை மேட்ச்லைட்' ஒன்று போதும், அவர் எப்பேர்ப்பட்ட எழுத்தாளர் என்று சொல்ல. குண்டு விழும் ஊரின் பயம் வரிக்கு வரி தெரிகிறது. அவர் உயிரோடு இருந்தபோது அச்சேறாத 'டூ-வே மர்டர்' கூட 2021இல் வெளிவந்தது. முதல் பதிப்புகளை வாங்கும் வசதி எனக்கு என்றைக்கும் வராது. பிரிட்டிஷ் லைப்ரரி வரிசைக்கு மார்ட்டின் எட்வர்ட்ஸ் எழுதும் முன்னுரைகளும் பெரிய சொத்து. ஆசிரியர் யார், எந்தச் சூழலில் எழுதினார் என்று சொல்லி, முடிச்சை அவிழ்க்காமல் ஒதுங்கிக்கொள்கிறார்.

அந்தனி பெர்க்லியின் 'தி பாய்சன்ட் சாக்லேட்ஸ் கேஸ்' இன்னொரு அதிசயம். 1929 நாவலில் ஒரே கொலைக்கு ஆறு பேர் ஆறு தீர்வு சொல்கிறார்கள். 1979இல் கிறிஸ்டியானா பிராண்ட் ஏழாவது தீர்வை எழுதினார். 2016 மறுபதிப்பில் அதையும் சேர்த்து, எட்வர்ட்ஸ் தன் பங்குக்கு எட்டாவதையும் எழுதியிருக்கிறார். மறுபதிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஒரே துப்பறிவாளர் வரும் தொடர்களை முன்னும் பின்னுமாக வெளியிடுகிறார்களே என்று சிலர் குறைப்படுகிறார்கள். லோராக்கின் இன்ஸ்பெக்டர் மெக்டொனால்டு 1937இல் ஒரு கதை, அப்புறம் 1946, அப்புறம் 1945 என்று வருவார். எனக்கு அது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை, ஒவ்வொன்றும் தனிக்கதைதான்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பரே, உங்களுக்கு என் பதில் இதுதான்: சேர்க்க ஆரம்பிக்காதீர்கள். நூலகத்தில் எடுத்துப் படியுங்கள், சும்மா கதைக்காக என்றால் கிண்டிலே போதும். 'ஹாக்ஸ் பேக்' ஒன்றை மட்டும் காகிதத்தில் வாங்குங்கள், பென்சிலோடு உட்காருங்கள். வேறு எதையாவது காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், கடையிலேயே நின்று பிளான் இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நடைவழி தெரியவில்லை என்றால், எந்தப் பெரிய எழுத்தாளராக இருந்தாலும் சரி, திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். ஏன் வைத்தீர்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டும் வாருங்கள்.