ஒற்றைப் பூஜ்யமும் மூன்று பூஜ்யங்களும்: கேசினோக்களின் பேராசைக் கணக்கு

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணுள்ள குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம் ரூலெட். அந்தச் சக்கரத்தில் ஒரு பூஜ்யம் மட்டும் இருந்தால் மொத்தம் 37 குழிகள். இரண்டு இருந்தால் 38. மூன்று இருந்தால் 39. எந்தச் சக்கரமானாலும் ஒரே ஓர் எண்ணில் பந்தயம் கட்டி வென்றவருக்கு 35 மடங்குதான் என்பதால், பூஜ்யம் கூடக்கூட பந்தயப் பணத்தில் கேசினோவுக்குச் சராசரியாகச் சேரும் பங்கு 2.7 சதவீதத்திலிருந்து 5.26 ஆகவும் 7.69 ஆகவும் ஏறுகிறது. 10 டாலர் வீதம் 40 சுற்றுகள் ஆடுபவர் முதல் சக்கரத்தில் சராசரியாகச் சுமார் 11 டாலரையும் மூன்றாவதில் சுமார் 31 டாலரையும் இழப்பார். ஆனால் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கத்தில், சதவீதம் அறியாதவர் இந்த வேறுபாட்டை உணராமலே போகலாம்.

பங்கைக் குறைத்தும் தொழில் செய்யலாம் என்பதற்குப் பழைய சான்று உண்டு. 1843-இல் ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில் பிளாங்க் சகோதரர்கள், இரட்டைப் பூஜ்யத்தோடு நடந்த போட்டியாளர்களிடமிருந்து ஆட்களை இழுக்க ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தை வைத்தார்கள். அவர்களுள் ஒருவரான பிரான்சுவா பிளாங்க்தான் பின்னர் மொனாக்கோவின் மான்டி கார்லோ கேசினோவை வளர்த்தெடுத்தார்.

21-ஐத் தாண்டாமல் அதை நெருங்கும் கூட்டுத்தொகையைச் சேர்க்க முயலும் சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் இந்தப் பேராசை இன்னும் நுட்பமாக ஒளிந்திருக்கிறது. முதல் இரு சீட்டுகளிலேயே 21 அமைந்தால், 2-க்கு 3 தரும் மேசை 10 டாலர் பந்தயத்துக்கு 15 டாலர் கொடுக்கும். 5-க்கு 6 தரும் மேசை 12 டாலரோடு நிறுத்திக்கொள்ளும். (எண்கள் பெரிதாக இருப்பதாலேயே இரண்டாவதுதான் தாராளம் என்று நம்புபவர்களும் உண்டு.) ஏறக்குறைய 21 ஆட்டங்களுக்கு ஒருமுறை இப்படி அமைவதால், நல்ல விதிகளுள்ள மேசையில் பிழையின்றி ஆடுபவருக்கு எதிரான அரை சதவீதப் பங்கு கிட்டத்தட்ட 1.9 ஆகிவிடுகிறது.

2016-இல் எம்ஜிஎம் என்ற கேசினோ நிறுவனம் லாஸ் வேகஸின் கேசினோ வீதியான ஸ்ட்ரிப்பில் வாகன நிறுத்தக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியதும் பலரை எரிச்சலூட்டியது. ஆனால் அந்தக் கட்டணம் வெளிப்படையாகத் தெரிவது. மேசையில் எடுப்பது தெரியாது என்பதால் எனக்கு அதுவே மோசமானதாகப் படுகிறது.

சிறு பந்தய மேசையிலும் சீட்டுப் போடுபவருக்குச் சம்பளம் உண்டு என்று கேசினோ சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் குறைந்தபட்சப் பந்தயத்தை உயர்த்துவதே நேர்மை: மற்ற விதிகள் ஒன்றாக இருந்தால், 2-க்கு 3 தரும் 15 டாலர் மேசையில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி இழப்பு 7.5 சென்ட்; 5-க்கு 6 தரும் 10 டாலர் மேசையில் 19 சென்ட்.