மெரூன் செருப்பு: மூணு வாரம் போட்டுப் பார்த்துட்டு எழுதுறேன்

கடைப் பேரு போடல. வேலூர் பஜார் பக்கம் ஒரு பெரிய செருப்புக் கடை, அவ்வளவுதான். செருப்புக்கு நாலு ஸ்டார், கடைக்கு ரெண்டு.

எனக்கு 67 வயசு. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில 24 வருஷம் ஸ்டிச்சிங் செக்‌ஷன்ல இருந்தவ. அப்பர், அதான் ஷூவோட மேல்பாகம், தெச்சு தெச்சே கண்ணாடி போட்டவ. தம்பி பேத்தி நிச்சயத்துக்குப் பட்டுப்புடவைக்கு ஏத்த மாதிரி மெரூன் கலர், பின்னாடி வார், ஒண்ணரை இஞ்ச் ஹீல்னு மனசுல முடிவு பண்ணிட்டுத்தான் கிளம்பினேன். பேரன் கூட வந்தது பைக் ஓட்ட.

உள்ள போனதும் சேல்ஸ் பையன் உக்கார வெச்சான், தண்ணி குடுத்தான். நல்ல பையன்தான். ஆனா பேச்சு பூரா பேரன்கிட்ட. "பாட்டிக்கு சுகர் இருக்காண்ணா?" "இல்லப்பா"ன்னு நான் சொல்றேன், அவன் பேரன் மூஞ்சியையே பார்க்கிறான். பேரன் தலையாட்டினதும்தான் நம்பினான். சைஸும் அவனைத்தான் கேட்டான். என் கால் சைஸ் அவனுக்கு எங்க தெரியும்? "ஆயா, எவ்ளோ?"ன்னு என்கிட்டத்தான் திரும்பினான்.

ஹீல் வெச்சது காட்டுப்பான்னேன். "பாட்டிக்கு எதுக்குண்ணா ஹீலு, வீட்டோடதானே இருப்பாங்க"ன்னு கறுப்புல ஒரு எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பு எடுத்து வெச்சான். எம்.சி.ஆரை நான் குறை சொல்லல. நம்ம கரிகிரி ஆஸ்பத்திரியில தொழுநோயால உணர்ச்சி மரத்துப்போன காலுக்கு இந்த ரப்பர்லதான் செருப்பு செஞ்சு குடுத்தாங்க. மிதிக்கிற பாரம் ஒரே இடத்துல அழுத்தாம பரவும், புண்ணு வராது. சுகர்ல கால் மரத்தவங்களுக்கும் அதுக்காகத்தான் சொல்றாங்க. எனக்கு ஒரு சின்னக் கல்லு குத்தினாலும் தெரியுது.

அடுத்தது 1,450 ரூபாயில ஒண்ணு. "ஒரிஜினல் லெதர் பாட்டிமா, மெத்துனு இருக்கும்." வாரு சோலுக்குள்ள இறங்குற இடத்துல மடிப்பு லேசா விட்டிருந்தது. நகத்தால விலக்கினேன், உள்ள வெள்ளையா துணி. லெதரா இருந்தா வெட்டின ஓரம் நார்நாரா இருக்கும், நெய்த துணி எங்கிருந்து வரும்? தையலும் ஒரு இடத்துல தாண்டியிருந்தது. "இது ரெக்சின் தம்பி"ன்னேன். "சூப்பர் பாட்டிமா!"ன்னு கை தட்டினான். எல்.கே.ஜி. பிள்ளை ரைம்ஸ் சொன்னா தட்டுவாங்களே, அந்த மாதிரி. விலையை மட்டும் குறைக்கல.

கடைசியில நானே எழுந்து போய் ரேக்ல மெரூனைக் கண்டுபிடிச்சேன். 890 ரூபா. இதுவும் ரெக்சின்தான், ஆனா லெதர்னு பொய் எழுதல. மண்டி போட்டு அவனே காலுல மாட்டி விட்டான். கூச்சமாத்தான் இருந்தது. ஆனா என் முட்டி இருக்கிற இருப்புக்கு அது சுகமாவும் இருந்தது, அதையும் சொல்லிடணும்.

மூணு வாரத்துல: சோல் வழுக்கல, ஹீல் ஆடல, சுண்டுவிரல் பக்கம் முதல் ரெண்டு நாள் கடிச்சது, அப்புறம் இல்ல. கஷ்டம் பக்கிள்தான். கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனா வாசல்ல நின்னுக்கிட்டே குனிஞ்சு அந்தக் கம்பியை ஓட்டையில விடுறதுக்குள்ள இடுப்பு பிடிச்சுக்குது. அன்னிக்குக் கடையில அந்தப் பையன் வெல்க்ரோ வெச்ச ஒண்ணையும் எடுத்தான், அப்ப "குனியாம ஒட்டிக்கலாம்"னு என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்.

போன வாரம் வார்ல இன்னொரு ஓட்டை போட தனியா ஷேர் ஆட்டோவுல போனேன். அதே பையன். எனக்குப் பின்னாடி வாசலை எட்டிப் பார்த்து, "கூட யாரும் வரலையா பாட்டிமா?"ன்னான். ஓட்டை போட்டதுக்குக் காசு வாங்கல.